லெப்பர்ட் கெக்கோவுக்குப் பெட்டி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்கு வீட்டில் இடமில்லை, பூனை முடி அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டால், இங்கிலாந்தில் வளரும் நம் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியைத்தான். வகுப்பில் யாராவது ஒருவர் வீட்டில் அது இருக்கும். லண்டனில் பல ஆண்டுகளாக இந்தப் பல்லிகளை வளர்த்து வருகிறேன் என்பதால், பிறந்தநாள் நெருங்கும் வீடுகளிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றில் பெரும்பகுதி பல்லியை வைக்கும் பெட்டியைப் பற்றியது. அந்தக் கவலை நியாயமானது. சாப்பிடவில்லை, தோல் உரியவில்லை, கால் வளைந்துவிட்டது என்று வரும் புகார்களைத் துருவிப் பார்த்தால் பெட்டியில்தான் போய் முடியும். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

1. நம் ஊர் வீட்டுச் சுவரில் ஓடுமே, அந்தப் பல்லிதானா இது?

தூரத்து உறவு என்று சொல்லலாம். ஊர்ப் பல்லியின் விரல்களுக்கு அடியில் ஒட்டும் தகடுகள் உண்டு. அதனால்தான் அது கூரையில் தலைகீழாக நிற்கிறது. லெப்பர்ட் கெக்கோவின் விரல்கள் மெலிந்தவை, நுனியில் சிறு நகம் மட்டும் இருக்கும். கண்ணாடியிலோ சுவரிலோ அதனால் ஏற முடியாது. இமைகளும் உண்டு, கண்ணை மூடித் தூங்கும். வளர்ந்தால் வாலோடு சேர்த்து 18 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் உயிர் வாழும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அவர் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில் இருக்கும்.

அதன் சொந்த மண் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட பாறை நிலம். பகலில் கல்லிடுக்கில் பதுங்கி, அந்தி சாயும்போது வெளியே வந்து பூச்சி தேடும். தரையில் வாழ்வது, இடுக்கில் ஒளிவது, அந்தியில் நடமாடுவது என்ற இந்த மூன்று பழக்கங்களை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

2. எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும்? கடையில் இரண்டடி போதும் என்கிறார்கள்.

வளர்ந்த ஒரு பல்லிக்கு 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். மூன்றடிப் பெட்டி என்று கடைகளில் சொல்வது இதைத்தான். இதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் 120 × 60 × 60 வாங்குங்கள், வீணாகாது. இரண்டடிப் பெட்டி போதும் என்ற கருத்து முன்பு பரவலாக இருந்தது, இன்றும் சில கடைகளில் அதையே சொல்கிறார்கள். அதில் பல்லி செத்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளிர்ச்சியும் வேண்டும். இரண்டடிக்குள் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

இது தரைப் பிராணி என்பதால் தரையின் நீளத்துக்குத்தான் முதலிடம். உயரமாக நிற்கும் பெட்டி அலமாரியில் அழகாகத் தெரியும், ஆனால் இந்தப் பல்லிக்கு அது பயன்படாது.

3. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி என்கிறீர்களே, முழுப் பெட்டியையும் ஒரே அளவில் கதகதப்பாக வைத்தால் என்ன?

பல்லிக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கும், போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்கும் தானே நடந்து போகும். இரையைச் செரிக்க ஒரு சூடு வேண்டும், ஓய்வெடுக்க வேறொரு சூடு போதும். முழுப் பெட்டியும் 30 பாகையில் இருந்தால், அதற்குப் போதுமென்று தோன்றும்போது ஒதுங்க இடமில்லை. முழுப் பெட்டியும் 24 பாகையில் இருந்தால், தின்ற பூச்சி வயிற்றில் செரிக்காமல் கிடக்கும்.

சூடான முனையில் பல்லி படுக்கும் கல்லின் மேற்பரப்பு 32 முதல் 35 பாகை செல்சியஸ். அந்தப் பக்கத்துக் காற்று 28 முதல் 30. குளிர்ந்த முனை 22 முதல் 24. இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 18 வரை இறங்க விடலாம். அதன் சொந்த மண்ணிலும் இரவு குளிரும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த எண்களைப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

4. குட்டியைப் பெரிய பெட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாமல் போய்விடும் என்கிறார்களே?

வெறுமையான பெரிய பெட்டியில் விட்டால் பயப்படும். வெறுமையான சிறிய பெட்டியிலும் பயப்படத்தான் செய்யும். குட்டி தேடுவது மறைவை. ஒரு மறைவிடத்திலிருந்து அடுத்ததற்குத் திறந்த வெளியைக் கடக்காமல் போகும்படி கற்கள், மரப்பட்டைகள், பிளாஸ்டிக் செடிகள் ஆகியவற்றைப் பரப்பிவிட்டால் மூன்றடிப் பெட்டியில் குட்டி நிம்மதியாக இருக்கும். முதல் சில வாரங்களுக்கு இரையை அதன் மறைவிடத்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள். சின்னப் பெட்டி ஒன்று, பிறகு பெரிய பெட்டி ஒன்று என்று இரண்டு முறை செலவு செய்ய வேண்டியதில்லை.

5. கண்ணாடிப் பெட்டியா, மரப் பெட்டியா, பிளாஸ்டிக்கா?

இங்கிலாந்தின் குளிருக்கு நான் முதலில் சொல்வது மரப் பெட்டியை. முன்பக்கம் மட்டும் தள்ளித் திறக்கும் கண்ணாடியும், மற்ற மூன்று பக்கமும் மெலமைன் பூசிய பலகையும் கொண்டது. பலகை சூட்டைப் பிடித்து வைக்கும், மின்கட்டணம் குறையும். மூன்று பக்கம் மறைந்திருப்பதால் பல்லியும் அச்சமில்லாமல் நடமாடும். இதன் பலவீனம் ஈரம். பலகைகள் சேரும் மூலைகளில் தண்ணீர் இறங்கினால் உள்ளே உப்பிவிடும். அதனால் பொருத்தும்போதே மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் சிலிக்கோன் பசையை மூலைகளில் இழுத்து, அதன் காட்டமான வாசனை முழுவதும் போகும் வரை சில நாட்கள் திறந்து வைத்திருக்க வேண்டும். காற்று வருவதற்குப் பின்பலகையில் துளைத்தட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் இருந்தால் காற்று நன்றாக ஓடும்.

கண்ணாடிப் பெட்டி பார்வைக்கு அழகு, கழுவ எளிது. ஆனால் கனமானது, சூட்டை விரைவில் இழக்கும். நான்கு பக்கமும் திறந்து தெரிவதால் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையாலோ தக்கைப் பலகையாலோ மறைக்க வேண்டும். வீடு எப்போதும் கதகதப்பாக இருக்குமென்றால் தாராளமாக வாங்கலாம்.

பிவிசி பலகையில் செய்த பெட்டிகள் லேசானவை, ஈரத்துக்கு அஞ்சாதவை, சூட்டையும் காக்கும், விலைதான் கூடுதல். துணி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் துளை போட்டு வளர்ப்பவர்களும் உண்டு. நோயுற்ற பல்லியைச் சில வாரம் தனியே வைக்க அது ஏற்றது. ஆயுள் முழுவதும் அதிலேயே வைப்பதை நான் ஏற்கவில்லை. சூடு தரும் விளக்கை அதில் பாதுகாப்பாகப் பொருத்தவும் முடியாது.

6. பழைய மீன் தொட்டி சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

கேள்வி 2-இல் சொன்ன நீளம் இருந்தால், கம்பி வலை மூடி போட்டுப் பயன்படுத்தலாம். இரண்டு தொல்லைகள் உண்டு. மீன் தொட்டியில் பக்கக் காற்று கிடையாது, எல்லாம் மேல்வழிதான். உள்ளே ஈரம் தேங்கும். அடுத்தது, கையை மேலிருந்து விட வேண்டியிருக்கும். காட்டில் மேலிருந்து வருவது பருந்தும் ஆந்தையும். முன்னால் திறக்கும் பெட்டியில் கை பக்கவாட்டில் வரும், பல்லி விரைவில் பழகும். பிள்ளை கையில் எடுத்துப் பழக வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசையென்றால், முன்னால் திறக்கும் பெட்டிக்கே செலவு செய்யுங்கள்.

7. அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டால் போதாதா? விளக்கு எதற்கு?

சூரியன் மேலிருந்து காய்கிறது, பாறை அந்தச் சூட்டை வாங்கி வைத்திருக்கிறது, அந்தியில் பல்லி அந்தப் பாறையில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. இதை வீட்டில் கொண்டுவர எளிய வழி, சூடான முனையில் மேலே ஒரு ஹாலஜன் விளக்கு, அதற்கு நேர் கீழே ஒரு தட்டையான கல். விளக்கு காற்றையும் கல்லையும் சேர்த்துச் சூடாக்கும். ஹீட் மேட் தன்னைத் தொடும் பரப்பை மட்டுமே சூடாக்கும். குளிர்காலத்தில் பெட்டிக்குள் காற்று குளிர்ந்தே இருக்கும்.

மேட் இருந்தால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தடித்த மண்ணுக்கு அடியில் புதைக்காதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிப் பெட்டியின் அடியில் வைத்தால் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவே காற்றிடைவெளி விடுங்கள். மின்சாரத்தில் தானே சூடாகும் போலிக் கற்கள் விற்கிறார்கள், அவற்றை வாங்கவே வேண்டாம். ஒரு இடத்தில் அளவுக்கு மீறிச் சூடாகி வயிற்றைச் சுட்டுவிடும். பல்லி உடனே விலகிப் போவதும் இல்லை.

மரப் பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிக் கூடு கட்டாயம். கண்ணாடியில் ஏறாத பல்லி, கிளையைப் பற்றிக்கொண்டு விளக்குவரை போய்விடும்.

8. தெர்மோஸ்டாட் விலை அதிகமாக இருக்கிறது. அது இல்லாமல் சமாளிக்க முடியாதா?

முடியாது. சூட்டை அளந்து மின்சாரத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவி இது. இந்தப் பக்கத்தில் வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 40 பாகையைத் தாண்டக்கூடும். இன்று சரியாக இருக்கும் விளக்கு, ஜூலையில் வெயில் காயும் வாரத்தில் பெட்டியை அடுப்பாக்கிவிடும்.

விளக்குக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வேண்டும். மேட்டுக்கும் ஒளியில்லாத பீங்கான் ஹீட்டருக்கும் அணைந்து எரியும் சாதாரண வகையோ, மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் வகையோ போதும். சாதாரண வகையில் விளக்கை மாட்டினால் நாள் முழுவதும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், விரைவில் எரிந்தும் போகும்.

அதன் உணரியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல்லி படுக்கும் கல்லின்மேல், விளக்குக்குக் கீழே, நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள். பல்லி தோண்டும்போது அது நழுவிக் குளிர்ந்த பக்கம் போய்விட்டால், ‘இன்னும் சூடு போதவில்லை’ என்று எண்ணித் தெர்மோஸ்டாட் விளக்கை முழு வேகத்தில் எரிய விடும். தனியாக இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகள், முனைக்கு ஒன்றாக வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்டமுள் வெப்பமானிகள் பல பாகை தவறாகக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

9. இரவில் பார்ப்பதற்குச் சிவப்பு விளக்கு போடலாமா?

வேண்டாம். பல்லிக்கு அது தெரியாது என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் தெரியும். இரவு இருட்டாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஜனவரி இரவில் 18 பாகைக்குக் கீழே போகிறதென்றால், ஒளியே இல்லாத பீங்கான் ஹீட்டரை அதற்குரிய தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள்.

10. இரவில் நடமாடும் பிராணிக்கு யுவிபி விளக்கு எதற்கு?

யுவிபி என்பது வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர். முன்பு பெரும்பாலோர் அதற்கு விளக்கு போடவில்லை. உணவில் கால்சியமும் டி3 வைட்டமினும் தூவியே வளர்த்தார்கள். அப்படியும் வளரும். ஆனால் இந்தப் பல்லி முழு இரவுப் பிராணி அல்ல. அந்தியிலும் விடியலிலும் மெல்லிய வெயிலில் வாலையோ ஒரு காலையோ மட்டும் இடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். அந்தச் சிறு வெயிலிலேயே உடம்பில் டி3 உருவாகிறது. அது இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். அதனால் மெல்லிய யுவிபி கொடுப்பதே நல்லது. டி5 என்னும் மெல்லிய வகையில், 5 முதல் 7 சதவீத யுவிபி என்று குறித்த குழல்விளக்கு ஒன்று, பெட்டி நீளத்தில் பாதி வரை, சூடான பக்கம் இருக்கட்டும்.

கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். ஆகவே சன்னல் வெயிலை இதற்குக் கணக்கில் சேர்க்க முடியாது. கம்பி வலையும் கணிசமான பங்கைத் தடுக்கும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யுவிபி குறைந்துகொண்டே வரும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் பல்லி வெளிறிய கண்கொண்ட அல்பினோ வகை என்றால் நிழலை அதிகமாகவும் ஒளியைக் குறைவாகவும் வையுங்கள், அவற்றின் கண் கூசும்.

11. பாலைவனப் பல்லிதானே, தரையில் மணல் கொட்டினால் போதாதா?

அது பாலைவன மணல்மேட்டில் வாழ்வதில்லை. இறுகிய களிமண்ணும் கல்லும் புல்லும் கலந்த நிலத்தில் வாழ்கிறது. வெறும் மணல் காலடியில் நிற்காது, இரையோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் போகும். குளிர்ந்த பெட்டியில் செரிமானம் மந்தமாக இருக்கும்போது அந்த மணல் குடலை அடைத்துவிடும். ‘கால்சியம் மணல்’ என்று வண்ணம் பூசி விற்பது இன்னும் மோசம். கால்சியம் தேடும் பல்லி அதை வேண்டுமென்றே நக்கித் தின்னும்.

புதிதாக வந்த பல்லிக்கு முதல் மாதம் சமையலறைக் காகிதம் விரியுங்கள். எச்சம் எப்படி இருக்கிறது என்று தெரியும், அதையே மருத்துவரிடம் கொடுத்துப் புழு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பிறகு சொரசொரப்பான தரை ஓடு பதிக்கலாம். நகம் தேயும், துடைக்க எளிது. தோண்டும் இன்பத்தையும் கொடுக்க விரும்பினால், உரம் கலக்காத தோட்ட மண் ஏழு பங்கு, பிள்ளைகள் விளையாடும் கழுவிய மணல் மூன்று பங்கு கலந்து, நனைத்து அழுத்திக் காயவிடுங்கள். ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். கல்லைப் பெட்டியின் அடித்தளத்தில் நேரடியாக வைத்து, மண்ணை அதைச் சுற்றி நிரப்புங்கள். மண்மேல் வைத்த கல், பல்லி கீழே தோண்டினால் அதன்மேலேயே சாய்ந்துவிடும்.

12. ஒளிந்துகொள்ள ஒரு குகை வைத்திருக்கிறோம். போதுமா?

மூன்று வேண்டும். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் சூட்டுக்கும் மறைவுக்கும் நடுவே பல்லி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மறைவையே தேர்ந்தெடுக்கும், கேள்வி 3-இல் சொன்ன ஏற்பாடு முழுவதும் வீணாகும். குகை தாழ்வாகவும் இறுக்கமாகவும், முதுகு மேலே தொடும்படி இருந்தால் அதற்குப் பிடிக்கும்.

மூன்றாவது, நடுவில் ஓர் ஈரக் குகை. மூடியுள்ள சிறு டப்பாவின் பக்கத்தில் வாசல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசியையோ சமையலறைக் காகிதத்தையோ வையுங்கள். இதன் அருமை தோல் உரியும் நாளில் தெரியும். முந்தின நாள் பல்லி முழுவதும் வெளிறி, சுண்ணாம்பு பூசியதுபோல ஆகும். ஈரக் குகைக்குள் போய் மூக்கைச் சுவரில் தேய்க்கும். உதட்டோரம் தோல் விட்டதும் வாயால் கவ்வி இழுத்து, கையுறையைக் கழற்றுவதைப்போல ஒவ்வொரு காலாக உருவி, உருவியதைத் தின்றுவிடும். காற்று வறண்டிருந்தால் கடைசியில் விரல் நுனிகளில் தோல் மெல்லிய வளையமாகச் சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை அதன்மேல் இன்னொரு வளையம். அது இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலே உதிர்ந்துவிடும். லண்டன் வீடுகளில் ரேடியேட்டர் ஓடும் மாதங்களில் இது அதிகம். ஒவ்வொரு உரிப்புக்குப் பிறகும் இருபது விரல்களையும் பாருங்கள். சிக்கியிருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணிமேல் கால் மணி நேரம் நிற்க வைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல உருட்டி எடுங்கள், பிய்க்கக் கூடாது.

13. தனியாகப் பாவமாக இருக்கிறது. இரண்டு வாங்கி ஒன்றாக விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இது கூட்டமாக வாழும் பிராணி அல்ல. இரண்டு ஆண்கள் இரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் இருந்தால் பெண் ஓயாமல் முட்டையிட்டு மெலிந்துபோகும். இரண்டு பெண்கள் அமைதியாகத் தெரியும். ஆனால் ஒன்று சூடான குகையைப் பிடித்துக்கொள்ளும், மற்றது குளிரில் ஒதுங்கி மெல்ல எடை இழக்கும். ஒன்றன்மேல் ஒன்று படுப்பதைப் பார்த்துப் பாசம் என்று நினைக்காதீர்கள், அது இடத்துக்கான போட்டி. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பல்லி என்றால் இரண்டு பெட்டி, இரண்டு தெர்மோஸ்டாட்.

14. வீட்டில் எங்கே வைப்பது? சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

சாமி அலமாரிப் பக்கம் வேண்டாம். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை மூடிய பெட்டிக்குள் தங்கிவிடும், பல்லியின் நுரையீரலுக்கு ஆகாது. தாளிக்கும் புகை வரும் சமையலறையும் வேண்டாம். சன்னலோரம் வைத்தால் வெயில் நாளில் கண்ணாடிக்குள் சூடு கிடுகிடுவென ஏறும். ரேடியேட்டர் பக்கமும், கதவைத் திறந்தால் குளிர்காற்று அடிக்கும் நடைபாதையும் கூடாது.

உள்சுவர் ஒன்றை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு மேல், கனம் தாங்கும் மேசையில் வையுங்கள். தரையில் வைத்தால் ஒவ்வொரு காலடியும் அதற்கு அதிர்வு. தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைப்பதும் அப்படித்தான். கரப்பான் மருந்து, கொசு மருந்து எதையும் அந்த அறையில் அடிக்காதீர்கள்.

15. பாட்டிக்குப் பல்லி என்றாலே சகுனம், பயம். வெளியே வந்துவிட்டால்? கடித்தால் விஷமா?

விஷம் கிடையாது. கடித்தாலும் கிள்ளியது போலத்தான் இருக்கும். ஊர்ப் பல்லிபோலக் கூரையிலிருந்து தலைமேல் விழவும் வழியில்லை. காரணம் கேள்வி 1-இல் இருக்கிறது. சுவரில் இருந்து ‘ச்சு ச்சு’ என்று ஒலி எழுப்பாது. மிரண்டால், குறிப்பாகக் குட்டி, கீச்சென்று கத்தும். பாட்டிக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லுங்கள், கையில் எடுக்கும்படி வற்புறுத்தாதீர்கள். தள்ளித் திறக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே பூட்டு ஒன்று போட்டுவிடுங்கள். பாதி மூடிய கதவின் இடுக்கு வழியாக வெளியே போகும் பல்லிதான் அதிகம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி. நலமாகத் தெரியும் பல்லியின் எச்சத்திலும் அது இருக்கும். தொட்டவுடன் சோப்பால் கை கழுவ வேண்டும். அதன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ, கருவுற்றவரோ, நோய் எதிர்ப்பு குறைந்தவரோ வீட்டில் இருந்தால் அவர்கள் பல்லியையும் பெட்டியையும் தொடாமல் இருப்பதே நல்லது.

16. மகளுக்கு க்ரெஸ்டட் கெக்கோ பிடித்திருக்கிறது. இதே பெட்டி சரிப்படுமா?

சரிப்படாது, ஏறக்குறைய எல்லாமே எதிர்மாறு. அது நியூ கலிடோனியாத் தீவின் மரப்பல்லி. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணாடியில் ஏறும். அதற்கு உயரம் வேண்டும்: குறைந்தது 45 × 45 × 60, அதில் 60 உயரம். சூடு 22 முதல் 26 பாகை போதும். 28-க்கு மேல் நீடித்தால் ஆபத்து. மாலையில் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும் என்பதால் இதற்குக் கண்ணாடிப் பெட்டிதான் பொருத்தம். வால் விழுந்தால் லெப்பர்ட் கெக்கோவுக்கு மறுபடி முளைக்கும், இதற்கு முளைக்காது.

கடையில் உள்ளங்கையளவு இருக்கும் பியர்டட் டிராகன் குட்டியைப் பார்த்து ‘இதுவும் சின்னப் பல்லிதானே’ என்பவர்களும் உண்டு. அது வளர்ந்தால் 45 முதல் 60 சென்டிமீட்டர். 120 × 60 × 60 பெட்டியும், 40 பாகையளவு சூடான கல்லும், இன்னும் வலுவான யுவிபியும் கேட்கும். இனத்தை முடிவு செய்த பிறகே பெட்டியைத் தேடுங்கள்.

17. பழைய பெட்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மரப் பெட்டியென்றால் அடி மூலைகளை விரலால் அழுத்துங்கள். உப்பியோ நொறுங்கியோ இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடி தள்ளும் தடத்தில் உடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு இருந்த பிராணி எப்படிப் போனது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கிருமிநாசினியால் துடைத்து, கழுவி, வாசனை போகும் வரை காயவிட வேண்டும். மூலை இடுக்கில் மிளகுத்தூள் போல நகரும் புள்ளிகள் தெரிந்தால் அவை உண்ணிகள். அந்தப் பெட்டி வேண்டாம். பெட்டி பழையதாக இருக்கலாம், யுவிபி குழலையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாக வாங்குங்கள்.

18. சனிக்கிழமை பிறந்தநாள். பெட்டியையும் பல்லியையும் அன்றே வாங்கிவிடலாமா?

பிறந்தநாளுக்குப் பெட்டியைக் கொடுங்கள். பிள்ளையே கல் அடுக்கி, குகை வைத்து, மாலைதோறும் இரண்டு முனை வெப்பத்தையும் எழுதி வரட்டும். ஒரு வாரம் எண்கள் நிலையாக நின்றால் அடுத்த சனிக்கிழமை பல்லியைக் கொண்டுவரலாம். அன்றே கொண்டுவந்தால், நீங்கள் சூட்டைச் சரிசெய்யும் நாட்கள் முழுவதும் புதிய இடத்தில் மிரண்டிருக்கும் பல்லி அந்தச் சூட்டுக்குள் கிடக்கும்.

இன்னொன்று: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிராணி விற்கக் கூடாது. அவர்களுடைய பிராணிக்குப் பொறுப்பு பெற்றோரே. தகுந்த சூழலைத் தருவது அந்தச் சட்டத்தில் உங்கள் கடமை.

19. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இரவெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. ஏன்?

வந்த முதல் இரண்டு மூன்று வாரம் என்றால் புது இடத்தின் பதற்றம். தொந்தரவு செய்யாமல் விடுங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால், குளிர்ந்த முனையில் உண்மையிலேயே 24 பாகைதானா என்று முதலில் பாருங்கள். அங்கும் 28 இருந்தால் வெளியேற வழி தேடுகிறது என்று பொருள். வெப்பம் சரியென்றால், கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்க்கிறதா, எதிரே இன்னொரு பெட்டியோ பூனையோ தெரிகிறதா என்று பாருங்கள். கீழ்ப்பகுதியில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் காகிதம் ஒட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். இரையாக விட்ட உயிருள்ள சிள்வண்டுகள் மிஞ்சி உள்ளே திரிந்தாலும் இப்படிச் செய்யும். அவை இரவில் பல்லியைக் கடிக்கும், எடுத்துவிடுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் அலைவது இயல்பு.

20. சிங்கப்பூரில் அண்ணன் பிள்ளைகளும், ஊரில் தங்கை பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதே பெட்டிதானா?

பெட்டிக்கு முன் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் பல்லி இனங்களைச் செல்லப்பிராணியாக வைக்க அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பல்லிகளை வைப்பது குற்றம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பு உள்ளிட்ட பல இனங்களைக் காக்கிறது. இலங்கையில் 1937-ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தோட்டத்தில் ஓடுவதைப் பிடித்துப் பெட்டியில் அடைக்க வேண்டாம். ஊரில் அதை மதிலில் இருந்தபடியே பார்க்கலாம், அதற்கு நாம் சூடும் கொடுக்க வேண்டியதில்லை.

21. ஆகஸ்டில் ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம். பெட்டியை என்ன செய்வது?

நல்ல கொழுத்த வாலுள்ள பல்லி சில நாட்கள் பட்டினி தாங்கும், அதன் கொழுப்பு வாலில்தான் இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு ஆள் வேண்டும். முடிந்தால் பெட்டியை அசைக்காமல் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நண்பர் வீட்டுக்கு மாற்றினால், அங்கே இரண்டு நாள் வெப்பத்தை ஓட்டிப் பார்த்த பிறகு பல்லியைக் கொண்டுபோங்கள். விளக்குகளை டைமரில் மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டின் திருகைத் தவறுதலாகத் தொடாதபடி டேப் ஒட்டுங்கள்.

வருபவரிடம் நீண்ட குறிப்பு கொடுக்காதீர்கள், படிக்க மாட்டார். கேள்வி 3-இல் சொன்ன எண்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுவது, ஈரக் குகையை நனைப்பது, வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை பூச்சி, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண் இவ்வளவும் போதும். எல்லா மருத்துவர்களும் பல்லி பார்ப்பதில்லை என்பதால், அந்த எண்ணை டிக்கெட் எடுக்கும்போதே தேடி வையுங்கள். புறப்படும் முன் பல்லியை எடைபோட்டு அதே தாளில் எழுதி, வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணச் சமையலறைத் தராசே போதும், ஆனால் அதற்கென்று தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.